நிழலில் நிற்பவர்கள்



திருகோணமலையிலே சுவாமி மலையின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்கு நீலக் கடலன்றி வேறொன்றும் புலனாவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் ஆலயத்தை இடித்தபோது அதன் கற்கள் பல அக்கடலில் வீழ்ந்தன. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அவை அங்கேயே கிடந்தன. 1956ஆம் ஆண்டில் எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அவ்விடத்தில் மூழ்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டு படம் பிடித்தனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த கிளாக்கின் நூல் அச்செய்தியை உலகுக்கு உரைத்தது. இருளில் கிடக்கும் பொருள் இல்லாத பொருள் ஆகாது. அதனிடத்துக்குக் கண் சென்று சேரவேண்டும், அவ்வளவே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட இருள் அத்துணைப் பெரிதன்று. இரண்டு அங்குலச் சதுரமான அட்டைச் சட்டத்துள் அடங்குவது அது. ஸ்லைட் என நாம் வழங்கும் ஒளி ஊடுருவும் வண்ணப் படத்தையே குறிப்பிடுகிறேன். திரையிலே பெரிதாகப் போட்டுப் பார்ப்பதற்காக ஒருகாலத்தில் எடுக்கப்பெற்ற இப்படங்கள் இன்று தகரப் பெட்டிகளிலும் அலுமாரித் தட்டுகளிலும் உறங்குகின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றும்போது நிழற்பகுதியில் உள்ளவை மறைந்துபோகாமற் காப்பது எவ்வாறு என்பதே எனது பேச்சின் பொருள்.

இதனை நான் ஆராய நேர்ந்தது ஒரு மூதாட்டியாரால். எங்கள் அயலில் வசிப்பவர். எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய தந்தையார் துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் ஊழியம் செய்தவர். 1957ஆம் ஆண்டில் அத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டபோது, நாடு திரும்பிய அதிகாரி ஒருவர் தம் கமராவை அவருக்குக் கொடுத்துச் சென்றாராம். அதனால் எடுத்த ஸ்லைட்டுகளில் ஒன்று அவர்களுடைய வீட்டைக் காட்டுகிறது. முற்றத்து வெயிலிலே பிள்ளைகள் நிற்கிறார்கள். பின்னே விறாந்தை, அதற்கும் பின்னே கதவடி.

மூதாட்டியார் அந்த ஸ்லைட்டுகளை ஒரு கடையிற் கொடுத்துக் கணினிப் படங்களாக்கி வாங்கியிருந்தார். என்னிடம் வந்து, “தம்பி, அம்மா அந்தக் கதவடியில் நிற்கிறா. வெயிலிலே பிடித்துப் பார்த்தால் தெரிகிறா. இதிலே ஏன் இல்லை?” என்று கேட்டார். தாயார் இளமையிலேயே காலமாகிவிட்டார். அவருடைய படம் வேறொன்றும் இல்லை. கடைக்காரர் தந்த படத்திலோ கதவடி கரி பூசியதுபோல் இருந்தது. ஸ்லைட்டைச் சாளரத்து ஒளியிலே பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினேன். உள்ளே ஒரு பெண்ணுருவம் நின்றது உண்மைதான்.

கண் காண்பதைக் கருவி காணாதது ஏன்? கலைப் பட்டதாரியாகிய எனக்கு இதன் விடை எளிதிற் கிட்டவில்லை. நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதைக் கூறுகிறேன்.

முதலாவது காரணம் நமது வெயில். எங்கள் கரையோரத்தில் நண்பகலில் வெண்மணலுக்கும் விறாந்தையின் உட்புறத்துக்கும் உள்ள ஒளி வேற்றுமை மிகப் பெரிது. ஸ்லைட் பிலிமோ அத்துணை வேற்றுமையைத் தாங்க மாட்டாது. ஆதலின் படமெடுப்போர் வெயிலில் நிற்பவரின் முகம் வெளுத்துப்போகாதபடி கமராவை அமைப்பர். அதன் பயனாக நிழலில் நிற்பவர் மேலும் இருளுக்குள் தள்ளப்படுவர். குடும்பப் படங்களில் பிள்ளைகள் வெளியிலும் தாய்மார் வாசலிலும் நிற்பதே வழக்கமாதலால், இருளுக்குள் தள்ளப்பட்டோர் பெரும்பாலும் தாய்மாரே.

இரண்டாவது காரணம் பிலிமின் அடர்த்தி. ஸ்லைட்டின் மிகக் கரிய பகுதி, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு பங்கையே ஊடுருவ விடும். அதைவிடச் சற்றே வெளிறிய பகுதி ஈராயிரத்தில் ஒரு பங்கை விடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேற்றுமையே அந்தத் தாயாரின் சேலை மடிப்பும் கன்னமும். ஸ்கேனர் இந்த வேற்றுமையை அளந்து எண்ணாக எழுதவேண்டும். ஒளியை 256 சம படிகளாகப் பிரித்து எழுதினால், நாலாயிரத்தில் ஒரு பங்கு என்பது ஒரு படியின் பத்திலொரு பாகம்கூட ஆகாது. எல்லாம் சுழியம் என்றே பதிவாகும். 65,536 படிகளாகப் பிரித்தால் அதே ஒளிக்குப் பதினாறு படிகள் கிடைக்கும். முன்னதை எட்டு பிட் என்றும் பின்னதைப் பதினாறு பிட் என்றும் கணினியார் வழங்குவர்.

மூன்றாவது காரணம் மென்பொருளின் அவசரம். நமது மாணவர் கணித பாடத்திலே பயிலும் வலையுருவரையம் போன்ற ஒன்றை ஸ்கேனர் மென்பொருள் திரையிற் காட்டும். இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். படம் பளிச்சென்று தோன்றவேண்டும் என்பதற்காக, தன்னியக்க முறையில் மென்பொருள் அதன் இடப்பக்க ஓரத்தை வெட்டி, அதற்குட்பட்டவை யாவும் கறுப்பே என்று தீர்ப்பளித்துவிடும். கதவடியில் நின்ற தாயார் அந்த வெட்டிலே அகப்பட்டுப் போனார்.

என் முதல் முயற்சி தோல்வியாயிற்று. கடைக்காரர் தந்த படத்தையே எடுத்துக் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினேன். கரி சாம்பலாயிற்று, சாம்பலிலே திட்டுத் திட்டாகச் சில கட்டங்கள் தோன்றின. பெண்ணுருவம் தோன்றவில்லை. பதியாததை எவ்வளவு பெருக்கினும் பயனில்லை. சுழியத்தை நூறாற் பெருக்கினும் சுழியமே அன்றோ? நிழலின் விவரம் ஸ்கேன் செய்யும் நேரத்திலேயே பெறப்படவேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

பின்னர் நண்பர் ஒருவரிடம் பிலிம் ஸ்கேனர் ஒன்றை இரவல் பெற்றேன். வியூஸ்கேன், சில்வர்பாஸ்ட் முதலிய மென்பொருள்கள் இப்பணிக்கு வேண்டிய கட்டுப்பாடுகளைத் தருகின்றன. ஸ்லைட்டிலிருந்த தூசியை ஊதுகுமிழாற் போக்கினேன். பதினாறு பிட் முறையைத் தெரிந்தேன். தன்னியக்கத் திருத்தங்களை நிறுத்தினேன். கறுப்பின் எல்லையை வரையம் தொடங்கும் இடத்துக்கும் சற்று இடப்புறமாக, ஒரு வெற்றிடம் விட்டு வைத்தேன். வெளிச்சத்தின் எல்லையையும் அவ்வாறே. இவ்வாறு பெறும் படம் முதலில் மங்கலாகவே தோன்றும், அதுகண்டு அஞ்சவேண்டியதில்லை.

அடுத்து ஒரு தொல்லை. மிகக் குறைந்த ஒளியை அளக்கும்போது கருவியின் உள்ளேயே எழும் தடுமாற்றம், மணல் தூவியதுபோல் படத்திலே படியும். அதற்கு மருந்து, ஒரே இடத்தைப் பலமுறை அளந்து சராசரி காணுதல். ஒரே விடைத்தாளைப் பலர் திருத்திச் சராசரி எடுத்தால் தனியொருவரின் தவறு குறைவதுபோல் என்க. பதினாறு முறை அளந்தால் தடுமாற்றம் நான்கில் ஒரு பங்காகும். நேரம் கூடுதலாகச் செல்லும், ஆயினும் தகும். சில ஸ்கேனர்களில் வேறொரு வழியும் உண்டு. முதன்முறை வெளிச்சத்துக்காகவும், இரண்டாம் முறை கூடிய ஒளி செலுத்தி நிழலுக்காகவும் அளந்து, இரண்டையும் மென்பொருள் ஒன்றாக்கும். முதியோர் கிணற்றுக்குள் வாளியைத் தேடும்போது கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே விடுவார்களே, அதனை ஒத்தது இது.

இத்துணையும் செய்தபின்னரும் தாயாரின் தலைமயிரும் சேலைக் கரையும் அரித்ததுபோல் இருந்தன. அதற்குக் காரணம் தூசி நீக்கும் வசதி. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ்க்கதிரைச் செலுத்தி, அது தடைப்படும் இடங்களைத் தூசி எனக் கொண்டு மென்பொருள் நிரவிவிடும். பெரும்பாலான வண்ணப் பிலிம்களுக்கு இது நன்று. ஆயின் எங்கள் ஸ்லைட் கோடாக்குரோம் வகையது. அதன் இருண்ட பகுதிகள் அக்கதிரையும் ஓரளவு தடுப்பன. ஆகவே கருவி படத்தையே தூசியென்று எண்ணித் துடைத்துவிட்டது. அந்த வசதியை நிறுத்தியபின் படம் சீராயிற்று. உங்கள் ஸ்லைட்டின் சட்டத்தில் கோடாக்குரோம் என்று அச்சிடப்பட்டிருப்பின் இதனை மறவாதீர்கள்.

இறுதியாக, பெற்ற மூலப் பதிவை டிஃப் என்னும் வடிவிலே மாற்றமின்றிச் சேமித்து, அதன் பிரதியொன்றில் மட்டும் நிழற்பகுதியின் ஒளியைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். ஜேபெக் வடிவம் நண்பர்க்கு அனுப்பப் போதும், காப்பகத்துக்குப் போதாது.

என்ன கிடைத்தது என்று வினவுவீர்கள். நிலையைப் பற்றிய ஒரு கை, அதிலே இரண்டு வளையல்கள், சேலையின் கரை, ஒருபக்கக் கன்னம், முற்றத்தை நோக்கிச் சற்றே சாய்ந்த தலை. கண்கள் தெளியவில்லை. மூதாட்டியார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அந்த வளையலை நான் கொஞ்ச நாள் போட்டிருந்தனான்” என்றார்.

அருகிலிருந்த இளைஞர் ஒருவர், செயற்கை நுண்ணறிவுச் செயலியிலே கொடுத்தால் கண்களையும் வரைந்து தரும் என்றார். தரும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை எவருடைய கண்கள்? ஆயிரமாயிரம் அந்நிய முகங்களிலிருந்து கற்ற ஒரு கருவியின் ஊகம் அது. மகள் அதனைத் தாய் என்று நம்புவாள். பேரப்பிள்ளைகள் சான்று என்று கொள்வர். ஒளி எழுதியதைத் தேடிக் காண்பது வேறு. எழுதாததை நாம் எழுதிச் சேர்ப்பது வேறு. ஸ்லைட்டை வெள்ளொளியிற் பிடித்து உருப்பெருக்கியால் நோக்குக. அங்கே கண்டது படத்தில் இல்லையாயின் மீண்டும் முயல்க. அங்கும் காணாதது படத்தில் இருக்குமாயின் ஐயுறுக.

நேயர்களே, இவ்வேலைக்குக் காலம் குறைவு. வேறு பல பழைய வண்ணப் பிலிம்களோடு ஒப்பிடுகையில் கோடாக்குரோம் இருட்டில் வைத்தால் நிறம் மங்காது நெடுநாள் நிற்கும். மற்றவற்றுட் பல செந்நிறமாக வெளிறிவருகின்றன. எவ்வகையாயினும் நமது கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோள் எத்தனை வீட்டுப் பெட்டிகளைக் கொண்டுபோயிற்று என்பதை இக்கரையோர் அறிவர். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் காத்து வருகின்றது. வீட்டுப் படங்களை முதலிற் காக்கவேண்டியவர் வீட்டாரே.

ஆதலின் இந்த விடுமுறையில் பெட்டியைத் திறவுங்கள். வீட்டிலுள்ள முதியவரை அருகே இருத்தி, ஒவ்வொரு ஸ்லைட்டையும் ஒளியிலே பிடித்துக் காட்டி, நிற்பவர் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். நிழலில் நிற்பவரையும் கேளுங்கள். ஸ்கேன் செய்து முடிந்ததென்று மூல ஸ்லைட்டை எறிந்துவிடாதீர்கள். இன்று நமது கருவி காணாத கண்களை நாளை வேறொரு நல்ல கருவி காணவும் கூடும். அந்த மூதாட்டியாரின் ஸ்லைட் இப்போது ஈரம் உறிஞ்சும் சிறு பொதியுடன், காற்றுப் புகாத பெட்டியில் இருக்கிறது.