பின்னால் வரும் வண்டி

பாரமேற்றும் மாட்டு வண்டிக்கு வில் கிடையாது. பாதையிலுள்ள கல்லையும் பள்ளத்தையும் வண்டிக்காரன் தன் உடம்பிலேயே உணர்ந்துகொள்வான். எவ்விடத்தில் மெல்லச் செல்லவேண்டும் என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனத்தின் பின்னால் ஓர் இழுவை வண்டியைப் பூட்டிச் செல்பவனின் நிலையோ வேறு. அவன் மெத்தை ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். பின்னால் வரும் வண்டி படும் பாடு அவனுக்குத் தெரிவதில்லை.

மாத்தளை மாவட்டத்திலுள்ள பல்லேபொல, மேடும் பள்ளமுமான பிரதேசம். மலைநாடு தாழ்ந்து தம்புள்ளைச் சமவெளியை நோக்கி இறங்கும் வழியில் அது அமைந்துள்ளது. விளைபொருள் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் இத்தகைய ஊர்ப் பாதைகளில் குலுங்கிச் செல்வதைக் காணாதவர் இல்லை. அப்பெட்டிகளுட் பல வில் இன்றியே செய்யப்படுகின்றன. மெதுவாகச் செல்வதே அவற்றுக்குக் காப்பு. ஆனால், படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட முகாம் வண்டியை இதே பாதையில் இழுத்து வருவோர், மோட்டார் வாகனத்தின் வேகத்திலேயே அதனையும் ஓட்ட விரும்புகின்றனர். அங்கேதான் அபாயம் தொடங்குகிறது.

இலண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்பவர் 1804ஆம் ஆண்டில் குதிரை வண்டிகளுக்கான நீள்வட்டத் தகட்டு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வில் அடியைத் தாங்கும். ஆனால் தாங்கியதை வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். பள்ளத்தில் அமிழ்ந்த வண்டி மேலே எழும். எழுந்தது மீண்டும் தாழும். இந்த ஊசலாட்டத்தை அடக்குவதற்கென வந்ததே 'சொக் அப்சோபர்' என்று யாவரும் வழங்கும் கருவி. அதிர்ச்சியைத் தாங்குவது என்பது அப்பெயரின் பொருள். உண்மையில் தாங்குவது வில், இது அடக்குவது. ஆதலின் அதனை அதிர்வடக்கி என்பதே பொருந்தும்.

அதன் அமைப்பு எளியது. எண்ணெய் நிறைந்த ஓர் உருளை. அதனுள் சிறு துளைகளுடைய ஓர் ஆடுதண்டு. தண்டு அசையும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு செல்கிறது. அசைவின் வலிமை வெப்பமாக மாறி வெளியேறுகிறது. காலப்போக்கில் அடைப்பு வளையம் தேய்ந்து எண்ணெய் கசியும். உள்ளிருக்கும் வால்வுகளும் தளரும். இக்கேடு ஒரே நாளில் வருவதன்று. சிறிது சிறிதாக வருவதால் எவரும் கவனிப்பதில்லை.

கவனிப்போருக்கு அடையாளங்கள் உண்டு. உருளையின் மேல் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருக்கும். இரு முனைகளிலுமுள்ள இறப்பர் புஷ்கள் கிழிந்திருக்கும். டயரின் மேற்பரப்பு சீராகத் தேயாமல் ஆங்காங்கே குழி விழுந்திருக்கும். வண்டியைத் திறந்தால் அலுமாரியிலிருந்த பாத்திரங்கள் தரையிற் கிடக்கும். ஆயினும் எல்லா இழுவை வண்டிகளிலும் அதிர்வடக்கி இராது. இறப்பர் அச்சின் மேல் ஓடும் சிலவற்றில் இறப்பரே அவ்வேலையை ஓரளவு செய்கிறது. முதலில் வண்டியின் அடியைக் குனிந்து பார்த்து இதனை அறிந்துகொள்ளல் வேண்டும்.

மாற்றும் வேலையிற் பொறுமையே முதற் கருவி. சமமான, உறுதியான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும். வண்டியை ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கிகளின் மேல் இருத்தல் வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் அடியிற் புகுவது உயிருக்கு ஆபத்து. அச்சு தொங்கிவிழாதபடி அதற்கும் முட்டுக் கொடுத்தல் நன்று. துருப்பிடித்த நட்டுகளுக்கு எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் காத்திருந்தால் அவை இளகும். வாயு அடைத்த பழைய உருளையை வெட்டவோ சுடவோ கூடாது.

ஒரு பக்கத்துக் கருவி மாத்திரம் கெட்டிருந்தாலும், ஓர் அச்சின் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுதல் வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் வண்டி ஒருபுறமாக ஆடும். புதியதன் நீளம், சுருங்கியபோதும் விரிந்தபோதும், பழையதற்கு ஒத்திருத்தல் அவசியம். இறப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களின் மேல் நின்றபின்னரே இறுதியாக இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகி விரைவிற் கிழியும். சிறிது தூரம் ஓடியபின் மறுபடியும் பார்ப்பது முறை.

புதிய அதிர்வடக்கி எல்லாப் பிழைகளையும் தீர்த்துவிடாது. பாரத்தைப் பின்புறத்தில் குவித்து வைத்தால் வண்டி வாலாட்டத்தான் செய்யும். கனமான பொருள்கள் அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் சொகுசுக்காக அன்று. துள்ளும் சக்கரம் தரையை விட்டு எழும் கணத்தில் பிரேக்கினாற் பயன் இல்லை. பல்லேபொலவின் வளைவொன்றில் எதிரே பாடசாலைப் பிள்ளைகள் வரலாம். ஓரத்தில் ஒரு முதியவர் நடக்கலாம். இழுத்துச் செல்பவன் வளைவைக் கடந்துவிட்டான். அவனுடைய வண்டி இன்னும் கடக்கவில்லை. அவர்கள் அருகே செல்வது அவன் அல்லன், அவன் பின்னால் வரும் வண்டி. புறப்படுமுன் ஒரு முறை குனிந்து பார்ப்பது அவர்களுக்கு அவன் செலுத்தவேண்டிய கடன்.