உடனிருந்து உண்போம்

மடுல்சீமைத் தோட்டங்களிலே பொழுது புலருமுன்பே லயத்து அடுப்புகள் எரிகின்றன. பிரட்டுக்கு விரையும் தாய், ரொட்டியைச் சுட்டு மூடிவைத்துவிட்டுப் போகிறாள். பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. ஒருநாள் எங்கள் காலைக் கூட்டத்தில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள்.

"வீட்டில் உணவு இல்லையா, அம்மா?" என்று வினவினேன்.

"ரொட்டி இருந்தது, சேர். தனியாகச் சாப்பிட மனம் வரவில்லை" என்றாள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நம் பானைகளை வெறுமையாக்கியதை நான் அறிவேன். இல்லாததைப் பரிமாறச் சொல்லவில்லை. இருப்பதைக் குறித்த நேரத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள் என்றே வேண்டுகிறேன்.

பகலில் தாய் கொழுந்து மலையில் நிற்பாள். ஆகவே இரவு உணவுக்கு ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். தந்தையரும் அந்நேரத்திற்குள் வீடு திரும்புதல் வேண்டும். காலையில் பிள்ளையை எழுப்பி, அரை ரொட்டியேனும் உடனிருந்து உண்ணுங்கள். உணவோடு தேத்தண்ணீர் கொடுக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரம் கழியட்டும்.

அச்சிறுமியின் தாய் இப்பொழுது கால்மணி நேரம் முன்னதாக மகளை எழுப்புகிறாள். இருவரும் அடுப்பங்கரையில் அமர்ந்து உண்கின்றனர். அதன்பின் அவள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழவில்லை.