திரையில் தெரியும் பிளாட்பாரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சிவில் இன்ஜினீயரைக் கூப்பிட்டுச் சினிமா பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்தாருக்குத் துணிச்சல் அதிகம்தான். பயப்படாதீங்க, நான் விமர்சனம் செய்ய வரவில்லை. நகரத்தில் வீடில்லாதவனைச் சினிமா எப்படிக் காட்டுகிறது என்பதை, வீடு கட்டுகிறவன் பார்வையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நம்ம பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். காரைக்குடியில் ஏ.வி.எம். ஸ்டுடியோ இருந்ததையும், 'நாம் இருவர்' (1947) அங்கே எடுக்கப்பட்டதையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதே மெய்யப்பச் செட்டியார் கோடம்பாக்கம் போன பிறகு, நேஷனல் பிக்சர்ஸ் பெருமாளுடன் சேர்ந்து 1952-ல் கொடுத்த படம் 'பராசக்தி'. வசனத்தைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கதையைப் பாருங்கள். ரங்கூனில் நன்றாக வாழ்ந்த குடும்பம் யுத்தத்தில் சிதறுகிறது. தம்பி குணசேகரன் சென்னையில் பணத்தைப் பறிகொடுத்துத் தெருவில் அலைகிறான். அண்ணன் ஞானசேகரன் குண்டுவீச்சில் காலை இழந்து, பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் வைக்கிறான். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளில் உண்டு. தெருவுக்கு வந்தவன் பிறவிப் பிச்சைக்காரன் இல்லை, ஏதோ ஒன்று அவனைத் தள்ளியிருக்கிறது என்பதை அன்றைக்கே தமிழ்ப் படம் சொல்லிவிட்டது.

பின்னால் வந்த பல படங்களில் ஏழை என்றால் அழுகை, இல்லையென்றால் அடியாள். குடிசை ஒரு செட். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எங்கே இருக்கிறது, அவன் காலையில் எந்த வேலைக்குப் போகிறான் என்று கேமரா கேட்பதே இல்லை. 'ஸ்லம்டாக் மில்லியனர்' 2009-ல் எட்டு ஆஸ்கர் வாங்கியபோது, நம் வறுமையை விற்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். வறுமையைக் காட்டுவதில் தப்பில்லை என்பது என் கருத்து. மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் படம் பதில் சொல்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) பதில் சொல்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி ஒரே கூடத்தில் நெருக்கியடித்துப் படுக்கை. வேலை போன அன்றே படுக்கையும் போகிறது. அந்த இருவரும் பிளாட்பாரத்துக்கு வருகிறார்கள், அங்கேதான் விபத்து. வேலையும் இருப்பிடமும் ஒரே கயிற்றில் தொங்குவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய படம் குறைவு.

மணிகண்டனின் 'காக்கா முட்டை'யில் (2015) அந்தப் பையன்கள் ரயில் பாதையில் விழுந்த கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அவர்கள் விளையாடிய இடத்தை விற்று அங்கே பீட்சா கடை வருகிறது. படம் முழுக்கச் சிரிப்பாகவே போகிறது. ஆனால் நகரத்தில் ஒரு துண்டு நிலம் கைமாறினால் யாருக்கு என்ன போகிறது என்பது மனசில் நிற்கிறது.

இது சினிமாக்காரர் கற்பனை இல்லைங்க. பம்பாய் பிளாட்பாரவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? வேலை பக்கத்தில் இருப்பதால்தான் அவர்கள் பிளாட்பாரத்தில் இருக்கிறார்கள், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. முன்னறிவிப்புக் கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றுதான் தீர்ப்பு முடிந்தது. ஆனாலும் காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டது. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்களைக் கேளுங்கள். வீடு கிடைத்தது, வேலை தூரமாகிவிட்டது என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். இவர்களில் எத்தனையோ பேர் உழைத்துவிட்டு வந்து தெருவில் படுப்பவர்கள்.

வெளிநாட்டுக்குப் போவோம். கொரியாவின் 'பாரசைட்' (2019) படத்தைப் பலரும் பார்த்திருப்பீங்க. அந்தப் பாதி நிலவறை வீட்டில் கழிப்பறை ஏன் மேடை மேல் இருக்கிறது? மாணவத் தம்பிகள் சொல்லுங்கள் பார்ப்போம்! வீட்டுத் தரை, தெருச் சாக்கடைக் குழாயைவிடத் தாழ்வு. கழிவு ஓடச் சரிவு கிடைக்காது. அதனால் கோப்பையைத் தூக்கி வைக்கிறார்கள். பெருமழையில் சாக்கடை அதே வழியாகத் திரும்பி வருகிறது. அதே மழை, மேட்டில் இருக்கும் பணக்கார வீட்டுக்கு அடுத்த நாள் விருந்துக்கு நல்ல வானிலையைத் தருகிறது. வசனமே இல்லாமல் ஒரு லெவல் வித்தியாசத்தால் கதை சொல்லிவிட்டார் போங் ஜூன்-ஹோ. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சோல் நகரில் அப்படிப்பட்ட வீட்டில் ஒரே குடும்பத்தில் மூவர் நிஜமாகவே இறந்தார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு படம்: 'எ லேண்ட் இமாஜின்ட்'. 2018-ல் லொகார்னோ விழாவில் தங்கச் சிறுத்தை விருது பெற்றது. கடலைத் தூர்த்து நிலமாக்கும் சைட்டில் ஒரு சீனத் தொழிலாளி காணாமல் போகிறான். தேடிப் போகும் போலீஸ்காரர் முதல்முறையாக அவர்கள் எப்படித் தங்குகிறார்கள் என்று பார்க்கிறார். மண்ணைக் கொட்டி நாட்டையே பெரிதாக்கும் ஆளுக்கு அந்த மண்ணில் சொந்தமாக ஓர் அடி கிடையாது.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஒரு சைட்டில், தினமும் ஆயிரம் லிட்டர் கணக்கில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டோம். தொழிலாளர் தங்கிய தகரக் கொட்டகைக்கு ஒரே குழாய். கட்டடம் எழும்பியது, கொட்டகையைப் பிரித்தார்கள், ஆட்கள் மூட்டையோடு அடுத்த ஊருக்குப் போனார்கள். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, சைட்டிலோ பக்கத்திலோ இலவசத் தங்குமிடமும், சமையல், குளியல், கழிப்பறை வசதியும் தர வேண்டும் என்று சொன்னது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்?

மாணவர்களுக்கு ஒரே வேண்டுகோள். நாளைக்கு நீங்கள் எஸ்டிமேட் போடும்போது சிமெண்ட், கம்பி, மணலோடு தொழிலாளர் தங்குமிடத்தையும் ஒரு ஐட்டமாக எழுதுங்கள். தண்ணீர் எத்தனை குழாய், கழிப்பறை எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். முதலாளி அடித்துவிடலாம், திரும்ப எழுதுங்கள். பெரிய பதவியில் இருக்கும் அண்ணன்மார்களே, உங்கள் மேஜைக்கு அந்தத் தாள் வந்தால் அந்த வரியை மட்டும் வெட்டாதீங்க.