ஆய்வுக்கூடத்தில் வளரும் தோல்

கண்ணாடித் தட்டில் வளர்க்கப்படும் உயிரணுக்கள் ஒற்றைப் படலமாகவே பரவும். அவற்றின்மீது சோப்புக் கரைசல் பட்டால் எளிதில் மடியும். மனிதரின் தோலோ அதே சோப்பை நாள்தோறும் தாங்குகிறது. இதற்குக் காரணம் தோலின் அடுக்கமைப்பே.

மேல்தோல் உயிரணுக்களைப் பெருமளவில் பெருக்கும் முறையை 1975-இல் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் வெளியிட்டனர். இன்று அத்தகைய அணுக்களை நுண்துளைச் சவ்வின்மீது பரப்பி, முதலில் ஊட்ட நீரில் அமிழ்த்தி வைக்கின்றனர். பின்னர் மேற்பரப்பைக் காற்றுப்படவிட்டு, பயிருக்கு வேரில் நீர் பாய்ச்சுவதுபோல் அடியிலிருந்து மட்டுமே ஊட்டம் அளிக்கின்றனர். அணுக்கள் அடுக்கடுக்காக மேலெழுகின்றன. சுமார் இரு வாரங்களில் உச்சியில் தடித்த படலம் தோன்றுகிறது. உடலைக் காக்கும் அப்படலம் இறந்த அணுக்களால் ஆனது என்பதே விந்தை!

1944 முதல் முயலின் தோலே இத்தகைய சோதனைக்குக் களமாயிருந்தது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 2010-இல் அடுக்குத் தோலை ஏற்றது. பொருளைத் தடவிய பின் உயிர்த்திறன் 50 விழுக்காட்டைத் தாண்டாவிடில், அப்பொருள் எரிச்சலூட்டுவதாகக் கொள்ளப்படும். அழகுப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தபின், இம்மாதிரிகளின் தேவை இங்கும் மிகுந்தது. ஆயினும், இத்தோலில் இரத்தக் குழாய்கள் இல்லை. உட்புகுந்த பொருள் கல்லீரலை என்ன செய்யும் என்பதை இது கூறாது.