மழை கழுவாத நஞ்சு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைக்க வந்த ஊரையும் பிறந்த ஊரைப் போலவே பேண வேண்டும் என்பது நம் கடமை. ஆதலின் இவ்வூர் மண்ணைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஐதராபாத்தின் வடமேற்கே படான்செரு, தெற்கே காட்டேதான் ஆகிய தொழிற்பேட்டைகள் உள்ளன. இந்நகரின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் அவ்விடங்களின் மண்ணைச் சோதித்தனர். ஈயம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக் முதலியன மிகுந்திருப்பதைக் கண்டு, 2001லும் 2008லும் வெளியிட்டனர்.

'நாளானால் மழை கழுவிவிடும்' என்பார் உளர். அஃது அவ்வாறன்று. சருகு மக்கும், சாணம் மக்கும், ஈயம் மக்காது. நமக்குப் பழக்கமான இரயில்வே முறையிற் சொன்னால், களிமண்ணும் இரும்புத் துருவும் கிடங்கு, ஈரமே வண்டி. வண்டி வந்தால் சரக்கு நகரும். காலம் செல்லச் செல்லச் சரக்கு கிடங்கின் உள்ளறைக்குச் செல்லும்; பயிர் அதனை எடுப்பது குறையும். ஆயினும் சரக்கு கணக்கினின்று நீங்குவதில்லை. மண் புளித்தால் ஈயமும் காட்மியமும் மீண்டும் கரையும். நீர் தேங்கிக் காற்றற்றுப் போனால், இரும்புத் துரு கரைந்து, தான் பற்றியிருந்த ஆர்சனிக்கை விட்டுவிடும். காட்மியமோ சேற்றில் கந்தகத்தோடு கூடி அடங்கியிருந்து, நிலம் காய்ந்ததும் வெளிப்படும். ஆக, நனைதலும் காய்தலும் மாறி மாறி வரும் நிலத்தில், 'பழைய நஞ்சு, தீங்கில்லை' என்று நாம் இருந்துவிட இயலாது.

நம் தாயகத்திலும் இதற்குச் சான்று உண்டு. பாலாற்றை அடுத்த இராணிப்பேட்டையில் குரோமேட் ஆலையொன்று 1970களில் தொடங்கி 1990களில் மூடப்பட்டது. அதன் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. ஆலை நின்றது, மழை நிற்கவில்லை. குரோமியத்தின் மஞ்சள் வகை நீரில் எளிதில் கரைவது. ஆதலின் ஆண்டுதோறும் மழைநீர் குவியலில் ஊறி, அந்நஞ்சை நிலத்தடி நீருக்குக் கொண்டு சென்றது. உழைத்த கைகள் ஓய்ந்த பின்னரும், அண்டை வீட்டார் கிணற்றில் அவ்வாலையின் கணக்குத் தீரவில்லை.

நாம் செய்யத்தக்கது யாது? கொல்லையில் பழைய பாட்டரிகளையும் சாயப் பொடிகளையும் எறியலாகாது. ஆலைப் பக்கத்து மண்ணை மலிவென்று வாங்கி நிரப்பலாகாது. மக்கிய எருவை நிறைய இடுதல் நன்று. அது பெரும்பாலான உலோகங்களைப் பற்றி நிறுத்தும். கீரையை அலசினால் தூசி போகும். வேர் வழி ஏறியது போகாது. எனவே, ஐயமுள்ள நிலத்தைச் சோதித்த பின்னரே விதைக்க வேண்டும். மண்ணில் விளையாடிய பிள்ளைகளைக் கை கழுவியே உணவுக்கு அமர்த்துக. ஈயம் இளம் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது.

நாம் பிள்ளைகளுக்கு வீடும் கல்வியும் தேடுகின்றோம். அவர்கள் காலூன்றும் மண்ணையும் தூயதாக விட்டுச் செல்வோமாக!