வன்னி மண்ணில் பழைய வெள்ளங்கள்
(ஆய்வரங்கத் தலைமை உரை)



பழைய வெள்ளங்கள் அடையற் பாறைகளில் எப்படித் தங்குகின்றன என்பதைப் பேசக் கிளிநொச்சியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1957 டிசம்பரில் குளங்கள் உடைப்பெடுத்ததை இங்குள்ள முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1964 டிசம்பரில் பெரும் புயல் வந்தது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை, இடம்பெயர்ந்திருந்த மக்களின் கொட்டில்களுக்குள் புகுந்தது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது வந்த வெள்ளம் இன்னும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. இவற்றுக்கு முந்திய பெருவெள்ளங்களுக்கு யார் சாட்சி? மழைமானிப் பதிவுகள் எட்டும் காலம் குறுகியது. அதற்கப்பால் மண்ணையும் கல்லையும்தான் கேட்க வேண்டும். அந்தச் சாட்சியை விசாரிக்கும் முன்பே நாம் அள்ளிக்கொண்டு போகிறோம் என்பதே இந்த அவையில் நான் வைக்க விரும்பும் கவலை.

ஒரு வெள்ளம் விட்டுச்செல்வது என்ன? மாரி முடிந்து கனகராயன் ஆறு வற்றிய பிறகு, மணல் ஏறிய கரையோரத்தில் ஒரு முழ ஆழத்துக்கு நேராக வெட்டிப் பாருங்கள். நல்ல வெட்டு வாய்த்தால், அடியில் பழைய தரை அரிபட்ட கோடு மேடும் பள்ளமுமாகத் தெரியும். அதன்மேல் பரலும், கரையிலிருந்து பெயர்ந்து வந்த களிமண் கட்டிகளும் கிடக்கும். நீர் முழு வேகத்தில் ஓடிய நேரத்தின் சுமை அது. அதற்கு மேலே பருமணல், அதற்குள் நீர் போன திசையில் சாய்ந்த மெல்லிய வரிகள். பின்னர் சிற்றலை பதிந்த நுண்மணல். உச்சியில், நீர் தேங்கி நின்றபோது இறங்கிய ஒரு விரற்கடைக் களி, வெயிலில் வெடித்துக் கிடக்கும். வெள்ளம் ஏறி வடிந்த கதை கீழிருந்து மேலாக இப்படி அடுக்கப்படுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான மணற்கல்லிலும் புவிச்சரிதவியலாளர் தேடுவது இதே ஒழுங்கைத்தான்.

ஆனால் படிந்ததெல்லாம் பாறையாவதில்லை. பெரும்பகுதியை அடுத்த வெள்ளமே அரித்துக்கொண்டு போய்விடும். எஞ்சியதை மண்புழுவும் கறையானும் மரவேரும் கலப்பையும் கிளறிப் படைகளைக் கலந்துவிடும். தப்பிப் பிழைக்க மூன்று வேண்டும். முதலாவது, படிவு விரைவாக மூடப்பட வேண்டும். இரண்டாவது, தரை தாழ்ந்துகொண்டிருக்க வேண்டும். தாழும் நிலத்தில்தான் படைமேல் படை ஏறி, ஆற்றின் அரிப்புக்கு எட்டாத ஆழத்துக்குப் பழைய படை இறங்கும். மூன்றாவது, மேற்சுமையால் அது இறுக வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்து வரும் கல்சியம் காபனேற்றும் சிலிக்காவும் இரும்பு ஒட்சைட்டும் மணிகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும்.

இந்த அளவுகோலோடு நம் நிலத்துக்கு வருவோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முந்திய பாறை. வவுனியாப் பக்கம் தலைநீட்டி நிற்கும் வன்னித் தொகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றுள் ஒருகாலத்தில் மணலாயிருந்தவை இருந்தாலும், மணிகளே புதிதாகப் படிகமானதால் வெள்ளத்தின் வரிகள் அழிந்துவிட்டன. வடக்கே பூநகரியிலும் குடாநாட்டிலும் உள்ள மயோசீன் சுண்ணக்கல் ஆழமற்ற கடலில் உருவானது; அதில் ஆற்று வெள்ளத்தைத் தேட முடியாது.

கல்லாகிவிட்ட சான்றுக்கு நாம் புத்தளத்துக்கு அருகே உள்ள தப்போவவுக்குப் போக வேண்டும். ஜுராசிக் கால மணற்கல்லும் களிக்கல்லும் அங்கே இருக்கின்றன. அவற்றில் கிடைத்த தாவரச் சுவடுகளை 1922 இல் தாவரவியலாளர்களான சீவார்டும் ஹோல்ட்டமும் விபரித்தார்கள். ஓர் இலை கல்லில் பதிய வேண்டுமானால் அது அழுகும் முன் வண்டல் அதை மூடியிருக்க வேண்டும். அந்தப் படைகள் இன்றுவரை பிழைத்திருப்பதற்குக் காரணம், பிளவுகளுக்கிடையே நிலம் கீழிறங்கி அவற்றைப் பழம்பாறையின் மடியில் பதுக்கியதுதான்.

கல்லாகும் வழியில் நிற்கும் சான்றோ நம் முற்றத்திலேயே இருக்கிறது. தொல்லியலாளர் சிரான் தெரணியகல உலர்வலயக் கரையோரத்தின் பழைய பரல், செம்மணல் படிவுகளை இரணைமடு உருவாக்கம் என்று அழைத்தார். அடியில் பரற்படை, மேலே காற்றுக் குவித்த செம்மணல். பரலில் ஆதிமனிதரின் கற்கருவிகளும் உண்டு. தென்கரையில், பத்திராஜவெலவில், இதே உருவாக்கத்தின் அடிப்பரலுக்கு ஏறத்தாழ 125,000 ஆண்டு வயது கணிக்கப்பட்டிருக்கிறது. காற்று மணலைக் குவிக்கும். பரலை உருட்ட நீரின் விசை வேண்டும். நீர் கொண்டுவந்து போட்டதை மணல் மூடிக் காத்திருக்கிறது.

மூன்றாவது சான்று நம் குளங்கள். அலைகரைக்கும் கட்டுக்கும் இடையே ஒவ்வொரு மாரியும் ஒரு படையை இறக்கிவிட்டுப் போகிறது. அந்தப் படைகளுக்கு வயது காண வழி உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் பரவிய சீசியம்-137 இன் படிவு 1963 அளவில் உச்சத்தைத் தொட்டது. குளத்து வண்டலில் அந்த உச்சத்துக்குச் சற்று மேலே ஒரு மணற்படை கிடைத்தால், 1964 புயலின் கையொப்பமா இது என்று கேட்கலாம். இன்னும் ஆழத்துக்குக் கரித்துண்டுகளின் கதிரியக்கக் காபன் உதவும். குவார்ட்ஸ் மணி கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளித்தூண்டல் முறை சொல்லும்.

கரையோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் ஆற்று வெள்ளமும் கடலும் சந்திக்கின்றன. 2004 ஆழிப்பேரலை கொண்டுவந்த மணலில் கடலுயிர்களின் நுண்ணிய ஓடுகள் இருக்கும். உள்நாட்டை நோக்கிப் போகப் போகப் படை மெலியும். ஆற்று வெள்ளத்தின் படை தரைப் பக்கத்திலிருந்து வண்டலோடு வரும். அம்பாந்தோட்டைக்கு அருகே கரகன் களப்பில் துளையிட்ட ஆய்வாளர்கள் பல ஆயிரம் ஆண்டுகளின் ஆழிப்பேரலைப் படைகளைப் பிரித்தறிந்திருக்கிறார்கள். முல்லைத்தீவின் களப்புகளிலும் அதைச் செய்ய முடியும்.

இந்த அறிவுக்கு உயிர்களைக் காக்கும் பயன் உண்டு. இந்தியத் தீபகற்ப ஆறுகளின் ஓரங்களில், வெள்ளம் வேகமிழந்து தேங்கிய இடங்களில் இறங்கிய தேங்குநீர்ப் படிவுகளை ஆராய்ந்த விஷ்வாஸ் காலே போன்ற ஆய்வாளர்கள், அளவீட்டுப் பதிவுகளுக்கு முந்திய பெருவெள்ளங்களை வெளிக்கொணர்ந்தார்கள். ஒரு குளத்துக்கு வான் எவ்வளவு அகலம், கட்டு எவ்வளவு உயரம் என்று முடிவெடுக்க நூறாண்டுப் பதிவு போதாது. கட்டுக்குக் கீழே வாழும் குடும்பங்களுக்கு அது தெரியும்.

போர்க்காலத்திலும், கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட காலத்திலும், இந்த மண்ணில் களஆய்வு முடங்கிக் கிடந்தது. இன்று வழி திறந்திருக்கிறது. ஆனால் மணல் அகழ்வும் கிறவல் அகழ்வும் குளந் தூர்வாரலும் நம்மை முந்திக்கொண்டு போகின்றன. தூர்வாருவது தேவையான வேலை. ஆகவே நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தையும் நான் கேட்பது ஒன்றுதான்: இயந்திரம் இறங்கும் முன் ஒரு குழி வெட்டுங்கள்; சுவரைச் சீவிப் படமெடுங்கள்; படைகளை அளந்து, ஒவ்வொன்றிலும் ஒரு பை மண் எடுத்து, இடமும் ஆழமும் எழுதி வையுங்கள். அந்த மண்ணைப் பாதுகாக்கும் பொறுப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகமும் வவுனியாப் பல்கலைக்கழகமும் கூட்டாக ஏற்க வேண்டும். இந்த அரங்கு கலையும் முன் அதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றும்படி உங்களைக் கேட்டுக்கொண்டு, ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.