புதிய மருந்தும் பழைய அமானிதமும்



 

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நமது கரையோர ஊர்களிலிருந்து இரவு பஸ் ஏறி, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். அத்தகையோர் உலமாக்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “வாப்பாவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். நுரையீரலுக்கும் பரவிவிட்டதாம். புதிய ஊசிமருந்து ஒன்று இருக்கிறதாம். காணியை விற்றாவது அதனை ஏற்ற வேண்டுமா? விட்டுவிட்டால் அல்லாஹ்விடம் குற்றவாளிகளாவோமா?”

முதலில் மருந்தை அறிந்துகொள்வோம். பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு வழமையான கீமோதெரபி பெரிதும் பயனளிப்பதில்லை. நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் நமது உடலையே தாக்கிவிடாதிருக்க, அல்லாஹ் அவற்றுக்கு ஒரு கடிவாளத்தையும் அமைத்துள்ளான். புற்றுநோய் அக்கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தப்பிக்கொள்கிறது. இம்யூனோதெரபி எனும் நோயெதிர்ப்புச் சிகிச்சை அந்தப் பிடியை விடுவிக்கிறது. இவ்வழிக்கு அடிகோலிய அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுக்கு ஹொன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நிவோலுமாப், இபிலிமுமாப் எனும் இரு மருந்துகளைச் சேர்த்து வழங்கிய பெரும் ஆய்வின் முடிவு அதே 2018இல் வெளியானது. நோயின் ஆபத்து நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களுள், இம்மருந்துகளைப் பெற்ற 100 பேரில் 42 பேருக்குக் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. அந்த 42 பேருள் 9 பேருக்கு அவை முற்றாக மறைந்தன. 18 மாதங்களின் பின் 100க்கு 75 பேர் உயிருடன் இருந்தனர். முன்னைய சுனிட்டினிப் மாத்திரையைப் பெற்றவர்களுள் 60 பேர் இருந்தனர். ஆனால் இரு மருந்துகளையும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கடுமையான பக்கவிளைவுகளும் ஏற்பட்டன.

ஆகவே இது வெறும் ஆசை வார்த்தையும் அல்ல, நிச்சயமான சுகமும் அல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதற்கு மார்க்கம் என்ன கூறுகிறது?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இத்தகைய காரணிகளை மூன்றாக வகுத்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் போன்று பயன் உறுதியானவை, வைத்தியரின் மருந்து போன்று பயன் எதிர்பார்க்கத்தக்கவை, வெறும் ஊகமானவை என்பன அவை. உறுதியானதைக் கைவிட்டு உயிரை மாய்ப்பது தவக்குல் அல்ல, ஹராமாகும். எதிர்பார்க்கத்தக்கதைச் செய்வது தவக்குலுக்கு முரணல்ல. அதனை விடுவதும் ஹராமல்ல.

1992ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, விட்டால் உயிரோ உறுப்போ அழியும் என்ற நிலையில் சிகிச்சை கடமையாகும் என்று தீர்மானித்தது. மருந்தின் பயன் உறுதியான இடத்துக்கே அக்கடமை பொருந்தும் என்பது எமது விளக்கம். புத்தி சுவாதீனமுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதையும் அதே தீர்மானம் வலியுறுத்துகிறது.

வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து துஆ வேண்டினார். பொறுத்திருந்து சுவனம் பெறுவதா, சுகத்துக்கு துஆச் செய்வதா என்று நபியவர்கள் அவரிடமே கேட்டார்கள். அவர் பொறுமையைத் தெரிவு செய்தார். வலிப்பின்போது தமது உடல் வெளிப்படாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். அவருடைய உறவினரை அழைத்து எவரும் முடிவு கேட்கவில்லை என்பதைச் சிந்தியுங்கள்.

“வாப்பாவுக்குச் சொல்லாதீர்கள், டொக்டர்” என்று வாசலில் நின்று மன்றாடும் பிள்ளைகளே! அந்த உடல் அவரிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். தமது நோயை அறியாதவர் எவ்வாறு முடிவெடுப்பார்? கடனை அடைப்பதும், வஸிய்யத் செய்வதும், மன்னிப்புக் கேட்பதும் எப்போது? மென்மையாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லுங்கள்.

அடுத்தது பணம். தனியாரிடம் ஒரு தடவை ஏற்றவே இலட்சக்கணக்கான ரூபாய் செலவாகலாம். வாப்பா தமது சொத்தை விற்றுத் தமக்கு மருந்து செய்ய விரும்பினால், வாரிசுப் பங்கு குறையும் என்று தடுக்க எந்தப் பிள்ளைக்கும் உரிமையில்லை. ஆனால் குமருக்கென்று வீட்டைக் கட்டி உறுதியும் எழுதிக் கொடுத்திருந்தால், அது மகளின் சொத்து. அவளுடைய மனமார்ந்த சம்மதமின்றி அதில் கைவைக்கலாகாது. நோயுற்றிருந்த ஸஃது (ரலி) அவர்கள் தமது செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய நாடியபோது, மூன்றிலொன்றோடு நிறுத்தி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடாதிருக்குமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். மருந்துச் செலவு தர்மத்தைப் போன்றதல்ல. என்றாலும் பின்னால் வாழப்போகிறவர்களை மறக்கலாகாது என்ற பாடம் அதிலுண்டு. “வாப்பாவைக் கைவிட்டார்கள்” என்று ஊர் சொல்லும் எனும் அச்சத்தால் வட்டிக்குக் கடன் படாதீர்கள்.

முடிவெடுக்குமுன் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள். நோயின் ஆபத்து நிலை என்ன? அரச வைத்தியசாலையில் கிடைப்பது எது? மாத்திரை போதுமா? எத்தனை தடவை ஏற்றியபின் ஸ்கேன் எடுத்து, தொடர்வதா நிறுத்துவதா என்று பார்ப்பீர்கள்? தொடங்கியவர் இடையில் நிறுத்துவது பாவமல்ல. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களும், உடலே உடலைத் தாக்கும் மூட்டுவாதம் போன்ற நோயுள்ளவர்களும் அதனை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

நம் ஊருக்கும் மஹரகமவுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். விடுவிக்கப்பட்ட கலங்கள் குடலையும், நுரையீரலையும், ஈரலையும், தைரொயிட் சுரப்பியையும் தாக்கலாம். மாதங்கள் கழிந்தும் தாக்கலாம். வயிற்றோட்டமோ மூச்சுத்திணறலோ கண்டால் சாதாரண மருந்து வாங்கிக் காத்திருக்காதீர்கள். உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, ஏற்றிய மருந்தின் பெயர் எழுதிய அட்டையைக் காட்டுங்கள். காலத்தோடு தொடங்கும் ஸ்டீரொயிட் சிகிச்சை உயிரைக் காக்கும்.

மருந்தை ஏற்றவரை உலக ஆசை பிடித்தவர் என்றும், விட்டவரை நம்பிக்கை இழந்தவர் என்றும் பேசாதீர்கள். விட்டவருக்கும் வைத்தியம் உண்டு: வலியைத் தணிப்பது, மூச்சை இலகுவாக்குவது, அருகில் அமர்ந்திருப்பது. அதுவும் பிள்ளைகள் மீதுள்ள கடமையே.

யா அல்லாஹ்! எமது நோயாளருக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக! முடிவெடுக்கும் குடும்பங்களுக்குத் தெளிவைத் தருவாயாக! உன்னிடம் மீள்வோரை ஈமானுடன் மீளச் செய்வாயாக! ஆமீன்.